எரிமலைத் தீவும் நம் ஊர்க் கருங்கல்லும்
(சேவுகம்பட்டியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மேசைமேல் ஒரு ஜல்லிக் கல், பெட்ரோமாக்ஸ் விளக்குக்குப் போடுகிற பழைய மேண்டில் ஒன்று, ஒரு சீப்பு வாழைப்பழம் ஆகியவை இருக்கின்றன. என் கையில் இருப்பது கெய்கர் எண்ணி. கதிர் ஒன்று உள்ளே நுழைந்தால் ஒரு முறை ‘டிக்’ என்று சத்தம் போடும். இப்போது இதை எதன் பக்கத்திலும் வைக்கவில்லை. ஆனாலும் விட்டுவிட்டுச் சத்தம் வருகிறது பாருங்கள். இந்தத் தரையிலிருந்தும், சுவரிலிருந்தும், மேலே வானத்திலிருந்தும் வருகிற கதிர்களின் சத்தம் அது. நாம் பிறப்பதற்கு முன்பும் இது இருந்தது, இனியும் இருக்கும்.

மேண்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறேன். படபடவென்று அடிக்கிறது, கேட்டீர்களா? கல்லுக்குப் பக்கத்தில் வைத்தால் காதுக்கு வித்தியாசம் தெரியாது. பத்து நிமிடம் பொறுமையாக எண்ணி, கல் இல்லாமல் இன்னொரு பத்து நிமிடம் எண்ணி, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பார்த்தால்தான் தெரியும். வாழைப்பழத்துக்கு அதைவிடப் பொறுமை வேண்டும். ஆனால் மூன்றிலும் கதிரியக்கம் இருக்கிறது. இந்த ஊரில் தை மாதத்தில் சோலைமலை அழகர் பெருமாள் கோயிலில் வாழைப்பழத்தைச் சூறை விடுகிறோமே, அந்தப் பழத்திலும் இருக்கிறது. ஒரு பழத்தில் ஏறத்தாழ 400 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. பூமியில் உள்ள பொட்டாசியத்தில் பத்தாயிரத்துக்கு ஒன்றுக்குச் சற்று மேல் பொட்டாசியம்-40 என்ற கதிரியக்க வகை. கணக்குப் போட்டால் ஒரு பழத்தில் விநாடிக்குப் பன்னிரண்டு பதின்மூன்று அணுக்கள் சிதைகின்றன. பயப்பட வேண்டாம். உங்கள் உடம்பிலேயே ஏறத்தாழ 140 கிராம் பொட்டாசியம் இருக்கிறது. விநாடிக்கு நாலாயிரத்துக்கும் மேற்பட்ட அணுக்கள் உங்களுக்குள்ளேயே சிதைந்துகொண்டிருக்கின்றன. கூடுதலாகப் பழம் சாப்பிட்டாலும் அந்த எண்ணிக்கை கூடிவிடாது. உடம்பு தனக்கு வேண்டிய பொட்டாசியத்தை வைத்துக்கொண்டு மீதியைச் சிறுநீரில் அனுப்பிவிடும்.

எங்கே இருக்கிறது என்பதோடு எவ்வளவு இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். அந்த இரண்டாவது கேள்விக்காகத்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

பாறையிலும் மண்ணிலும் கதிர் தருகிற சரக்கு முக்கியமாக மூன்று: யுரேனியம், தோரியம், பொட்டாசியம்-40. யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு ஆகும். அது ஏறத்தாழ நம் பூமியின் வயது. தோரியத்துக்கு 1,400 கோடி ஆண்டு. பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடிதான். பொட்டாசியம்-40க்கு 125 கோடி. பூமி உண்டானபோது இருந்த கதிரியக்கப் பொருள்களில் குறைந்த ஆயுள் உள்ளவை எல்லாம் தீர்ந்துபோயின. இப்படி நீண்ட ஆயுள் உள்ளவை மட்டும் மிச்சம்.

பாரிஸில் ஹென்றி பெக்கெரல் 1896இல் யுரேனிய உப்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர் வருவதைக் கண்டார். 1898இல் மேரி கியூரியும் பியேர் கியூரியும் பொலோனியத்தையும் ரேடியத்தையும் பிரித்தறிந்தார்கள். அதற்குப் பிறகு எட்டே ஆண்டில், 1906இல், இங்கிலாந்தில் ராபர்ட் ஸ்ட்ரட் என்பவர் பல நாட்டுப் பாறைகளை வரவழைத்து ஒவ்வொன்றிலும் எவ்வளவு ரேடியம் இருக்கிறது என்று அளந்தார். தீக்குழம்பு உறைந்து உண்டான எல்லா எரிபாறையிலும் இருந்தது. நாம் கருங்கல் என்கிற வகையைச் சேர்ந்த கிரானைட்டில் அதிகமாகவும் எரிமலைக் கரும்பாறையான பசால்ட்டில் குறைவாகவும் இருந்தது. நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் அந்த முடிவு மாறவில்லை.

அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்துவிட்டு, நம் நிலக்கோட்டைத் தாலுகாவுக்கும் எரிமலைத் தீவுக்கும் என்ன உறவு என்று சிலர் கேட்டார்கள். உறவு இருக்கிறது, அதுவும் இரத்த உறவு. இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் என்று ஒரு தீவு இருக்கிறது. முழுக்க முழுக்க எரிமலை கக்கியதால் உண்டான தீவு. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் 1848இல் அங்கே அடிமை முறை ஒழிக்கப்பட்டதும், கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாக ஆயிரக்கணக்கான தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே கோயில் கட்டிக் காவடி எடுக்கிறார்கள். பக்கத்துத் தீவான மொரீஷியஸும் எரிமலைத் தீவுதான். அந்த நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. ரீயூனியனில் பித்தோன் த லா ஃபூர்னேஸ் என்கிற எரிமலை இன்னும் உயிரோடு இருக்கிறது. 2,632 மீட்டர் உயரம். உலகில் அடிக்கடி வெடிக்கிற எரிமலைகளில் ஒன்று. 2007 ஏப்ரலில் அதன் உச்சிப் பள்ளம் ஏறத்தாழ 300 மீட்டர் உள்வாங்கிச் சரிந்தது.

தீக்குழம்பு ஓடுகிற நிலத்தில் வாழ்கிற அவர்கள் காலடியில் கதிரியக்கம் அதிகமா, இங்கே சாந்தமாகக் கிடக்கிற கருங்கல் பூமியில் அதிகமா? கேட்டால் பெரும்பாலானோர் எரிமலை என்றுதான் சொல்வார்கள். உண்மை நேர்மாறு. பொதுவான அளவுகளைச் சொல்கிறேன். ஒரு கிலோ பசால்ட்டில் விநாடிக்கு யுரேனிய அணுக்கள் 10, தோரியம் 15, பொட்டாசியம்-40 ஏறத்தாழ 300 சிதைகின்றன. ஒரு கிலோ கிரானைட்டில் யுரேனியம் 40, தோரியம் 70, பொட்டாசியம்-40 ஆயிரத்துக்கும் மேல். இந்த ‘விநாடிக்கு ஒரு சிதைவு’ என்கிற அளவுக்குத்தான் பெக்கெரல் என்று, முன்பு சொன்ன ஹென்றி பெக்கெரலின் பெயரையே வைத்திருக்கிறார்கள். உலக மண்ணின் சராசரி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: யுரேனியம் 35, தோரியம் 30, பொட்டாசியம்-40 சுமார் 400.

ஏன் இப்படி? பூமியின் ஆழத்தில் பாறை உருகும்போது முழுப் பாறையும் உருகுவதில்லை. கொஞ்சம்தான் உருகும். யுரேனியம், தோரியம், பொட்டாசியம் மூன்றும் ஆழத்துக் கனிமங்களின் படிகக் கூட்டுக்குள் பொருந்தாதவை. அவற்றின் அணுக்கள் பருமனாலோ மின்னூட்டத்தாலோ அந்தக் கூட்டில் இடம் பிடிக்க முடிவதில்லை. அதனால் முதலில் உருகும் குழம்போடு அவை வெளியேறிவிடுகின்றன. அந்தக் குழம்பு மேலே வந்து உறையும்போதும், முதலில் உறைகிற படிகங்கள் அவற்றைச் சேர்த்துக்கொள்வதில்லை. கடைசியாக மிஞ்சுகிற குழம்பில்தான் அவை திரள்கின்றன. ஆழத்திலிருந்து நேராக மேலே வந்து உறைந்தது பசால்ட். அதில் குறைவு. திரும்பத் திரும்ப உருகி, உறைந்து, பிரிந்து, மறுபடி உருகி உண்டானது கண்டத்தின் கிரானைட். அதில் நிறைவு.

எரிமலைத் தீவு என்றால் எல்லாமே குறைவு என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. ரீயூனியனிலேயே பித்தோன் தே நேஷ் என்ற பழைய எரிமலை உண்டு. மூவாயிரம் மீட்டருக்கு மேல் உயரம், இப்போது அணைந்துவிட்டது. அதன் அடியில் குழம்பு நெடுங்காலம் தங்கி, பிரிந்து, கடைசியில் வெளிறிய டிராக்கைட் என்ற பாறையாகவும் வெளிவந்திருக்கிறது. அப்படிப் பிரிந்து வந்த பாறையில் மூன்றும் கூடும். இத்தாலியின் எரிமலைப் பகுதிகளிலும் இதே கதைதான். அங்கே பொட்டாசியம் மிகுந்த எரிமலைச் சாம்பல் இறுகிய டஃப் கல்லில் வீடு கட்டுகிறார்கள். அந்த வீடுகளுக்குள் கதிர் அளவு கூடுதல். மழை மிகுந்த தீவில் மண்ணாகும்போது இன்னொரு மாற்றமும் நடக்கிறது. பொட்டாசியம் நீரில் கரைந்து போய்விடும். யுரேனியமும் ஓரளவு போகும். தோரியம் மட்டும் களியோடும் இரும்புத் துருவோடும் ஒட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிடும். அதனால் கல்லை அளந்துவிட்டு மண்ணைப் பற்றி முடிவு சொல்ல முடியாது. இரண்டையும் அளக்க வேண்டும்.

இன்னொரு ஆச்சரியம் சொல்கிறேன். அந்த ரீயூனியன் எரிமலைக்கு அடியில் இருக்கிற அதே வெப்ப ஊற்றுதான், 6 கோடியே 60 லட்சம் ஆண்டுக்கு முன்பு, இந்தியா அதன்மேல் வந்து நின்றபோது, மகாராஷ்டிரத்தின் தக்காணப் பாறைகளைக் கக்கியது. பிறகு இந்தியா வடக்கே நகர நகர, லட்சத்தீவு முகடு, மாலத்தீவு, மொரீஷியஸ் என்று கடலடியில் வரிசையாகத் தடம் விட்டு, இப்போது ரீயூனியனில் நிற்கிறது. அந்தக் குழம்பு தமிழ்நாட்டை எட்டவில்லை. நம் பாறை வேறு, அதைவிட மிகப் பழையது.

இங்கிருந்து மேற்கே பார்த்தால் தெரிகிற கொடைக்கானல் மலை சார்னோகைட் என்ற பாறையால் ஆனது. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு வைத்த கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. அதே பாறையைப் பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893இல் சார்னாக்கின் பெயரையே அதற்கு வைத்தார். நம் பகுதிப் பாறைகளில் பழையவை ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயதானவை. 55 கோடி ஆண்டுக்கு முன்பு மறுபடியும் ஆழத்தில் கடும் வெப்பத்தில் வெந்திருக்கின்றன. இந்த வயதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? பாறைக்குள் சிர்கான் என்று மணல் பரல் அளவில் ஒரு கனிமம் இருக்கும். அதற்குள் சிக்கிய யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளந்து சொன்னார்கள். நாம் அஞ்சுகிற கதிரியக்கம்தான் நம் மலையின் வயதைச் சொன்னது.

அப்படி ஆழத்தில் வேகும்போது பாறையிலிருந்து யுரேனியம் பெரும்பாலும் வெளியேறிவிடும். ஆகவே சார்னோகைட்டில் பொதுவாக யுரேனியம் குறைவு. ஆனால் மோனசைட் என்ற கனிமம் இருக்குமிடத்தில் தோரியம் விடாமல் தங்கும். ஒட்டன்சத்திரத்தில் இருக்கிற அனார்த்தோசைட் பாறை யுரேனியம், தோரியம், பொட்டாசியம் மூன்றுமே மிகக் குறைந்த வகை. ஆக, ஒரே திண்டுக்கல் மாவட்டத்துக்குள் ஒரு மலைக்கும் இன்னொரு மலைக்கும் அளவு வேறு. ‘கருங்கல் ஆபத்து’ என்றோ ‘கருங்கல்லில் ஒன்றுமில்லை’ என்றோ ஒரே வரியில் சொல்கிறவர் எந்தக் கல்லையும் அளந்து பார்க்காதவர்.

சரி, மனிதனுக்குச் சேர்கிற அளவு எவ்வளவு? உலக சராசரி, இயற்கையாக மட்டும், ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் (உடம்பில் சேர்கிற கதிரின் அளவைச் சொல்லும் அலகு). இதில் நிலத்திலிருந்தும் கட்டடத்திலிருந்தும் நேராக வருவது சுமார் அரை மில்லிசீவர்ட். வானத்துக் கதிரால் 0.4. உணவாலும் நீராலும் 0.3. மீதி, ஏறத்தாழப் பாதி, மூச்சுக்காற்றில் கலந்த ரேடான் வாயுவால். கொடைக்கானலில் குடியிருப்பவருக்கு வானத்துக் கதிர் கடற்கரைக்காரரைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. மேலே போகப் போகக் காற்றுப் போர்வை மெலிகிறது அல்லவா?

இந்த மேண்டிலுக்கு வருகிறேன், இதற்கு நம் தமிழ்நாட்டுக் கரையோடு உறவு இருக்கிறது. ஆஸ்திரியாவின் அவுவர் ஃபொன் வெல்ஸ்பாக் தோரிய ஆக்சைடில் கொஞ்சம் சீரியம் கலந்து வாயு விளக்குக்கு வலை செய்தார். ஐரோப்பிய நகரமெல்லாம் அதில் ஒளிர்ந்தது. தோரியத்துக்குத் தட்டுப்பாடு. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். நாரைத் தேடிக்கொண்டு கப்பலேறி வந்து சேர்ந்த இடம் மணவாளக்குறிச்சி. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம். ஓரிரு ஆண்டில் அங்கே ஆலை எழுந்தது. 1950இல் இந்திய அரசு இந்திய அருமண் நிறுவனத்தைத் தொடங்கியது. இன்றும் அங்கே மணல் பிரிக்கிறார்கள்.

அந்த மணலை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் அழகாக இருக்கும். கறுப்பாக மினுங்குவது இல்மனைட். வலுவான காந்தத்தைக் காட்டினால் ஒட்டும். இளஞ்சிவப்பாகத் தெரிவது கார்னெட். தேன் நிறத்தில் அங்கொன்று இங்கொன்றாக இருப்பதுதான் மோனசைட். நம் நாட்டு மோனசைட்டில் நூற்றுக்கு எட்டிலிருந்து பத்துப் பங்கு தோரிய ஆக்சைடு. மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறை கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சிதைந்து, வள்ளியாறு போன்ற ஆறுகளில் இறங்கி, கடலுக்குப் போகிறது. அலை லேசான வெண்மணலை அள்ளிக்கொண்டு போய், கனமான பரலைக் கரையிலேயே விட்டுவிடுகிறது. மனிதன் கை வைப்பதற்கு முன்பே கடல் அதைப் புடைத்து வைத்துவிட்டது.

இதே மணல் வடக்கே கேரளத்தின் சவறா, நீண்டகரைக் கரையில் இன்னும் செறிவாகக் கிடக்கிறது. அங்கே கருநாகப்பள்ளித் தாலுகாவில் சில இடங்களில் ஆண்டுக்கு 70 மில்லிகிரே (இங்கே ஏறத்தாழ மில்லிசீவர்ட்டுக்குச் சமம் என்று கொள்ளலாம்) வரை கதிர் அளவு உண்டு. உலக சராசரியைப் போலப் பல மடங்கு. அங்கே மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கிறார்கள். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 1990இல் அங்கே புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கியது. வீடு வீடாக அளந்து, ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டு தொடர்ந்து கவனித்து, 2009இல் முடிவை வெளியிட்டார்கள். 1,379 பேருக்குப் புற்றுநோய் வந்திருந்தது. ஆனால் கதிர் கூடுதலான இடத்தில் நோயும் கூடுகிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை.

இதை வைத்துக்கொண்டு ‘கதிர்வீச்சு ஒன்றும் செய்யாது’ என்று பேசுகிறவர்களை நான் ஏற்கமாட்டேன். அந்த ஆய்வு சொன்னது, இயற்கை மணல்மேல் மெல்ல மெல்லச் சேர்கிற அளவைப் பற்றி. ஆலைக்குள் பிரித்த மோனசைட்டைக் கையாளுகிற தொழிலாளியின் நிலை வேறு. தூசியோடு அதை மூச்சில் இழுப்பது வேறு. கருநாகப்பள்ளி முடிவைப் பெயர்த்து அப்படியே மணவாளக்குறிச்சி மேல் வைக்கவும் கூடாது. அந்தக் கரையில் தங்கள் உறவினருக்கு வந்த நோய்க்குக் காரணம் கேட்கிற மீனவர்களுக்கு, வீடு வீடாக அளந்த கணக்குத்தான் மரியாதையான பதில். அதைக் கேட்பது அவர்கள் உரிமை.

மறுபக்கம், அளவே கேட்காத அச்சமும் நமக்குக் கேடு. தேனி மாவட்டத்தில் பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராய ஓர் ஆய்வகம் என்ற பேச்சு எழுந்தபோது, காடு என்னாகும், தண்ணீர் என்னாகும், மலையைக் குடையலாமா என்று மக்கள் கேட்டார்கள். எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள். ஆனால் நியூட்ரினோவே கதிர்வீச்சாகப் பரவி ஊரை அழிக்கும் என்ற பேச்சும் கூடவே பரவியது. சூரியனிலிருந்து வருகிற நியூட்ரினோக்கள், நம் கட்டைவிரல் நகத்தின் அளவு இடத்தில் விநாடிக்கு ஆறாயிரம் கோடிக்கு மேல், இப்போதும் நம்மைக் கடந்து போய்க்கொண்டிருக்கின்றன. தவறான அச்சம் வந்து நடுவில் நின்றுகொண்டதால் சரியான கேள்விகளுக்கு உரிய காது கிடைக்காமல் போனது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

ரேடானைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யுரேனியம் பதினான்கு படி இறங்கி ஈயமாகிறது. நடுவில் ஒரு படியில் மட்டும் வாயுவாகிறது. அதுதான் ரேடான். நிறமில்லை, மணமில்லை. மண்ணிலிருந்தும் தரை வெடிப்பிலிருந்தும் கசிந்து வீட்டுக்குள் வரும். அதன் வழித்தோன்றல்கள் நுரையீரலில் படியும். உலக சுகாதார நிறுவனம் வீட்டுக் காற்றில் கனமீட்டருக்கு 100 பெக்கெரலுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. குளிர்நாடுகளில் கதவைச் சாத்தி வாழ்கிறவர்களுக்கு இது பெரிய பிரச்சினை. முற்றமும் ஜன்னலும் வைத்துக் கட்டிய நம் வீடுகளில் காற்று ஓடிவிடும். இப்போது தரை முழுக்கக் கல் பதித்து, ஏசி போட்டு, இரவெல்லாம் அடைத்துத் தூங்குகிறோம். காலையில் ஜன்னலைத் திறந்துவிடுங்கள், அதற்குச் செலவில்லை. அடைத்த அறையில் பீடி சிகரெட் குடிக்காதீர்கள். ரேடானும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பு பல மடங்காகும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது தண்ணீரைப் பற்றி. திண்டுக்கல்காரர்களுக்கு நிலத்தடி நீர் கெடுவது புதிதல்ல. தோல் ஆலைக் கழிவு கிணறுகளைக் கெடுத்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் நாம். அது மனிதன் கலந்தது. நிறத்திலும் நாற்றத்திலும் தெரிந்தது. பாறை கலப்பது தெரியாது. பல்லில் கறை படிந்த பிறகுதானே ஃப்ளூரைடு என்று தெரிகிறது? யுரேனியத்துக்கு அந்தக் கறையும் கிடையாது. போர்வெல் நீர் பாறை இடுக்கில் நெடுநாள் தங்கி வருவது. அதில் ஆக்சிஜனும் பைகார்பனேட்டும் இருந்தால் யுரேனியம் கரையும். தோரியம் அப்படிக் கரையாது. இந்திய தர நிர்ணய அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் வைத்திருக்கிற வரம்பு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம். இங்கே கதிரைவிட வேதி நஞ்சுதான் பிரதானம். பாதிக்கப்படுவது சிறுநீரகம். கொதிக்க வைத்தால் போகாது. ஆர்.ஓ. வடிகட்டி பெருமளவு நீக்கும்.

மத்திய நிலத்தடி நீர் வாரியம் நாடு முழுக்கக் கிணறுகளில் யுரேனியம் பார்த்து அறிக்கை தந்தது. தமிழ்நாட்டுக் கிணறுகள் சிலவும் வரம்பைத் தாண்டியவற்றில் உண்டு. சேவுகம்பட்டித் தண்ணீரில் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும் என்கிறேன். வழக்கமான குடிநீர்ப் பரிசோதனை அறிக்கையில் உப்பு, கடினத்தன்மை, இரும்பு, நைட்ரேட், ஃப்ளூரைடு என்று வரிசையாக இருக்கும். யுரேனியம் என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அதைக் கேட்டு வாங்குங்கள். பேரூராட்சி தன் போர்வெல் ஒவ்வொன்றுக்கும் ஆழம், பாறை வகை, அளந்த தேதி, கிடைத்த அளவு ஆகியவற்றை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். கோடையில் ஒருமுறை, மழை முடிந்து ஒருமுறை. நீர்மட்டம் இறங்கும்போதும் ஏறும்போதும் அளவு மாறும். ஒரே தடவை பார்த்துத் திருப்திப்பட்டுவிடக் கூடாது.

மாதிரி எடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மோட்டாரைப் போட்டதும் வருகிற முதல் தண்ணீரைப் பிடிக்காதீர்கள், அது குழாய்க்குள் கிடந்தது. பத்து நிமிடமாவது ஓடவிட்டு, சுத்தமான புது பிளாஸ்டிக் பாட்டிலை அந்தத் தண்ணீரிலேயே மூன்று முறை அலசி, கழுத்துவரை நிரப்பி மூடுங்கள். தொட்டித் தண்ணீர் வேண்டாம். ஆர்.ஓ. வழியாக வந்தது வேண்டவே வேண்டாம். எந்தத் தெரு, எந்தப் போர்வெல், எத்தனை அடி ஆழம், எந்தத் தேதி என்று பாட்டில்மேலேயே எழுதுங்கள். மூடிமேல் எழுதினால் மூடி மாறிவிடும்.